சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்சா திட்டு வாங்காம கொண்டாடுறது எப்படி

டூர் டி பிரான்ஸ் மாதிரி ரேஸ் புதுசா பார்க்க ஆரம்பிச்சவங்க சீக்கிரமே கேட்கிற கேள்வி இதுதான், அஞ்சு மணி நேரம் வெயில்லயும் மழையிலயும் மிதிச்சு ஜெயிச்சவன் கடைசி ரெண்டு செகண்ட் ஆட்டம் போட்டா அதுக்கு ஏன் இவ்ளோ பஞ்சாயத்து, ஒருத்தன் பண்ணா கெத்துங்கிறாங்க, அதையே இன்னொருத்தன் பண்ணா திமிருங்கிறாங்க. இதுக்கு எழுதி வெச்ச சட்டம் கொஞ்சம், எழுதாத சட்டம் நிறைய. ரெண்டையும் சேர்த்து சொல்றேன், நீங்க ரேஸ் ஓட்டுறவரா இருந்தாலும் சரி சோபால உக்காந்து பார்க்கிறவரா இருந்தாலும் சரி, உபயோகப்படும்.

முதல்ல கோடு எங்க இருக்குனு பாருங்க

பினிஷ் லைன்னு டிவில தெரியுறது 72 செமீ அகலத்துல ஒரு வெள்ளைப் பட்டை, அதுக்கு நடுவுல வெறும் 4 செமீக்கு ஒரு கருப்புக் கோடு. கணக்கு அந்த கருப்புக் கோட்டோட முன்விளிம்புலதான். அதுவும் உங்க முன்சக்கரத்தோட டயர் அங்க வரணும், தலை தாண்டினாலும் நெஞ்சு தாண்டினாலும் செல்லாது. ஸ்ப்ரின்ட்ல, அதாவது கடைசி முழுவேக ஓட்டத்துல, மணிக்கு 65 கிமீ வேகம்னு வெச்சா செகண்டுக்கு 18 மீட்டர், அதாவது கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஒரு காரோட நீளம் போயிருப்பீங்க. அந்த வேகத்துல "ஆச்சு, ஜெயிச்சாச்சு"னு மனசு சொல்ற இடமும் அந்த கருப்புக் கோடும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. நல்ல ஸ்ப்ரின்டர் கடைசி நொடியில ரெண்டு கையையும் நேரா நீட்டி, இடுப்பை சீட்டுக்கும் பின்னாடி தள்ளி, சைக்கிளை மட்டும் முன்னாடி எறிவாங்க, பைக் த்ரோனு பேரு. உடம்பு அங்கயே இருக்கும், சக்கரம் மட்டும் ஒரு சாணோ ஒரு முழமோ முன்னாடி போகும். கையைத் தூக்கிட்டீங்கன்னா இதைப் பண்ண முடியாது, எறியுறதுக்கு ஹேண்டில்பார் கையில இருக்கணும்ல. அது போக நிமிர்ந்த உடனே காத்து நெஞ்சுல அறையும், வேகம் சட்டுனு விழும். ஆக நீங்க விட்டுக் கொடுக்கிறதும் நடக்குது, பக்கத்துல வர்றவன் எறிஞ்சு சம்பாதிக்கிறதும் நடக்குது.

2004 மிலான் சான்ரெமோல எரிக் ஸாபெலுக்கு நடந்தது அச்சு அசல் இதேதான். அந்த ரேஸை அதுக்கு முன்னாடியே 4 தடவை ஜெயிச்ச மனுஷன், புதுப்பையன் கிடையாது. கிட்டத்தட்ட 300 கிமீ ஓட்டிட்டு வந்து கையைத் தூக்கிட்டாரு, பக்கத்துல ஓஸ்கர் ஃப்ரெய்ரே தலையைக் குனிஞ்சு சைக்கிளை எறிஞ்சாரு, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. சரி 20 வருஷத்துல பாடம் கத்திருப்பாங்கனு நினைச்சா, 2024 ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸ் பெண்கள் பிரிவுல லொரேனா வீபெஸ் அதையே பண்ணாங்க. உலகத்துலயே வேகமான ஸ்ப்ரின்டர்னு பேர் வாங்கினவங்க, கை மேல போயிடுச்சு, இந்தப் பக்கம் மரியான் வோஸ் கடைசி வரைக்கும் மிதிச்சு எறிஞ்சு ஜெயிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த வீடியோவை ஸ்லோ மோஷன்ல ஒரு தடவை பாருங்க, வீபெஸ் முகத்துல சிரிப்பு, வோஸ் முகம் ஹேண்டில்பாரைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும்.

ஜூலியன் அலஃபிலிப் கதை இன்னும் மோசம். 2020 செப்டம்பர் 27 இமோலால உலக சாம்பியன் ஆகுறாரு, சரியா ஒரு வாரம் கழிச்சு உலக சாம்பியன் போடுற வானவில் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு லியேஜ் பாஸ்தோன் லியேஜ்ல ஸ்ப்ரின்ட், கோட்டுக்கு முன்னாடியே கையைத் தூக்க ப்ரிமோஷ் ரோக்லிச் ஓரமா வந்து தட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் டூர் டி பிரான்ஸை கடைசி டைம் ட்ரயல்ல, அதாவது ஒவ்வொருத்தரா தனித்தனியா நேரத்தோட போட்டி போடுற ஓட்டத்துல, கோட்டை விட்ட மனுஷன் அவரு, கடைசி இன்ச் வரைக்கும் மிதிக்காம இருப்பாரா. அலஃபிலிப்பை ஸ்ப்ரின்ட்ல லைன் மாறி அடுத்தவங்களை மறிச்சதுக்காக அஞ்சாவது இடத்துக்கும் இறக்கிட்டாங்க. இதுக்கு அப்புறமாவது புத்தி வரணுமா இல்லையா, மூணே நாள்ல பிராபான்ட்ஸ பைல் ரேஸ்ல திரும்பவும் சீக்கிரமா தூக்கிட்டாரு! மத்யூ வான் டெர் பூல் பக்கத்துல வந்துட்டாரு, மயிரிழையில தப்பிச்சு ஜெயிச்சாரு. எனக்கு அலஃபிலிப் ரொம்ப பிடிக்கும், ஆனா இந்த விஷயத்துல அவரை யாரும் ஃபாலோ பண்ணாதீங்க.

அதனால ரூல் சிம்பிள். உங்க பக்கவாட்டுல யாரோட சக்கரமாவது தெரிஞ்சா எறிங்க, கொண்டாட்டம் கோட்டுக்கு அந்தப் பக்கம். ரெண்டு சைக்கிள் நீளத்துக்கு மேல இடைவெளி இருக்குனு திரும்பிப் பார்த்து உறுதி பண்ணா மட்டும் கோட்டு மேலயே தூக்கலாம். திரும்பிப் பார்க்கிறதை அக்குளுக்கு அடியில பாருங்க, தோளுக்கு மேல திரும்பினா சைக்கிளும் அந்தப் பக்கமே இழுக்கும்.

நிஜமாவே ஜெயிச்சீங்களானு பாருங்க

சிரிக்காதீங்க, இது அடிக்கடி நடக்குது. நிறைய ரேஸ் கடைசில ஒரே ஊருக்குள்ள சுத்திச் சுத்தி வர்ற மாதிரி முடியும், பினிஷ் லைனை ஒரு தடவைக்கு மேல தாண்டணும். 2014 டூர் ஆஃப் கலிஃபோர்னியால எலோய் தெருயேல்னு ஒரு ஸ்பெயின்காரர் பாசடீனால ஜம்முனு தனியா வந்து கையைத் தூக்கினாரு, இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி. 2017 ஜீரோ டி இத்தாலியால (இத்தாலியோட மூணு வார ரேஸ், சுருக்கமா ஜீரோ) மெசினாவுல லூகா பிபெர்னிக் அதே கூத்து. ரெண்டு பேரும் கொண்டாடி முடிக்கிறதுக்குள்ள பின்னாடி வந்த கூட்டம் வேகத்தைக் குறைக்காமப் போகுது, அப்பதான் உறைக்குது. கடைசி ரவுண்டுக்கு மணி அடிப்பாங்க, கூட்டத்தோட சத்தத்துல கேட்காது, அதனால லைன்ல இருக்கிற ரவுண்டு போர்டைக் கண்ணால பாருங்க, சைக்கிள் கம்ப்யூட்டர்ல மொத்த தூரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இன்னொரு ரகம், முன்னாடி ஒருத்தர் ஏற்கனவே போயிட்டாங்கன்னே தெரியாம கொண்டாடுறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021 ஜூலைல நடந்துச்சுல, அதுல பெண்கள் ரோட் ரேஸ். ஆஸ்திரியாவோட அன்னா கீசன்ஹோஃபர், கணக்குல டாக்டர் பட்டம் வாங்கினவங்க, அப்போ எந்த புரொஃபஷனல் டீம்லயும் கிடையாது, ரேஸ் ஆரம்பிச்ச உடனே கிளம்பிப் போயிட்டாங்க. ஒலிம்பிக்ஸ்ல காதுல ரேடியோ கிடையாது. நெதர்லாந்து டீம் கூடப் போன மத்த ரெண்டு பேரைப் பிடிச்ச உடனே எல்லாரையும் பிடிச்சாச்சுனு நினைச்சுட்டாங்க. அந்த டீமோட அன்னமீக் வான் வ்லூட்டன் சந்தோஷமா கையைத் தூக்கிட்டு வர்றாங்க, 75 செகண்டுக்கு முன்னாடியே தங்கம் போயாச்சு. இதைப் பார்த்து யாரும் அவங்களைத் திமிர்னு சொல்லல, பாவப்பட்டாங்க, மூணு நாள் கழிச்சு டைம் ட்ரயல்ல அவங்க தங்கமும் வாங்கினாங்க. 2022 டூர்ல கலேல யாஸ்பர் பிலிப்ஸனும் இதே மாதிரி ரெண்டாவதா வந்து குஷியா கையைத் தூக்கினாரு, 8 செகண்ட் முன்னாடி வவுட் வான் ஆர்ட் மஞ்சள் ஜெர்சில (டூர்ல மொத்த நேரக் கணக்குல முதல்ல இருக்கிறவர் போடுறது) றெக்கை அடிச்சுக்கிட்டே லைனைத் தாண்டினது அவருக்குத் தெரியாது.

கையைத் தூக்குற டெக்னிக்

கையை விட்டுட்டு 60ல போறது விளையாட்டு இல்ல. மிதிக்கிறதை நிறுத்துங்க, வெயிட்டை சீட்டுக்குக் கொண்டு போங்க, இடுப்பு நேரா இருக்கட்டும், அப்புறம் மெதுவா நிமிருங்க. பக்கத்துல ஆள் இருக்கும்போது லைனை விட்டு ஒரு அங்குலம் நகரக்கூடாது. லைன் தாண்டின கொஞ்ச தூரத்துலயே போட்டோகிராஃபர், டீம் ஆளுங்கனு ஒரு சுவரே நிக்கும், பிரேக்குக்குக் கை எப்போ திரும்பி வரணும்னு முன்னாடியே மனசுல வெச்சுக்கோங்க.

தனியா வர்றீங்கன்னா முதல் வேலை ஜிப்பை மேல இழுக்கிறது. வெயில்ல மலை ஏறும்போது எல்லாரும் ஜெர்சியைத் திறந்து போட்டுத்தான் வருவாங்க, ஆனா நாளைக்குப் பேப்பர்ல வர்ற போட்டோல நெஞ்சு மேல ஸ்பான்சர் பேர் முழுசா தெரியணும், அதுக்குத்தான் அவன் காசு கொடுக்கிறான். டீம் கார்ல இருக்கிற டைரக்டர் ரேடியோல "சபாஷ்"க்கு முன்னாடி "ஜிப்பு, ஜிப்பு"னு கத்துறது இதுக்குத்தான்.

பல நாள் ரேஸ்னா ரொம்ப நேரம் எடுத்துக்காதீங்க, ஒவ்வொரு செகண்டும் மொத்தக் கணக்குல சேரும். 1989 டூர் முடிவானது 8 செகண்ட்ல. ஒருநாள் ரேஸ்ல தனியா வந்தா மட்டும் இஷ்டத்துக்கு ஆடலாம். 2017 டூர் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ்ல ஃபிலிப் ஜில்பெர் 55 கிமீ தனியா வந்து, லைன்கிட்ட இறங்கி, சைக்கிளைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டே நடந்து தாண்டினாரு. பாரிஸ் ஒலிம்பிக்ஸ் 2024ல ரெம்கோ எவனபூல் லைன் தாண்டி நிறுத்தி, இறங்கி, ஈஃபில் டவர் பின்னாடி தெரியுற மாதிரி கையை விரிச்சு நின்னாரு. அதுக்கு 4 கிமீக்கு முன்னாடி பஞ்சர் ஆகி பதறிப்போய் சைக்கிள் மாத்தினவரு அவரு. அந்தப் பதட்டத்தைப் பார்த்தவங்களுக்கு அந்த போஸ் பந்தாவா தெரியாது.

திமிரு எங்க ஆரம்பிக்குது

இதுதான் மெயின் மேட்டர். என்னைக் கேட்டா கை என்ன பண்ணுதுங்கிறது முக்கியமே இல்ல, அந்தக் கை யாரைப் பார்த்து நீளுதுங்கிறதுதான் முக்கியம்.

ஒரே ஆளை வெச்சே சொல்றேன், மார்க் கேவண்டிஷ். 2009 டூர்ல ஜெயிச்சுட்டு காதுல போன் பேசுற மாதிரி ஆக்‌ஷன் பண்ணாரு, டீமுக்கு அப்போதான் எச்டிசி போன் கம்பெனி ஸ்பான்சரா வந்திருந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வருஷம் 2010ல சீசன் ஆரம்பமே சரியில்ல, பல் பிரச்சனை, பெருசா ஜெயிப்பு இல்ல, ஆளாளுக்கு எழுதித் தள்ளினாங்க. டூர் டி ரொமாண்டில ஒரு ஸ்டேஜ், அதாவது பல நாள் ரேஸ்ல ஒரு நாள் ஓட்டம், ஜெயிச்சாரு, கோட்டுல புறங்கை தெரிய ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினாரு, இங்கிலாந்துல அது கெட்ட வார்த்தைக்குச் சமம். தன்னைக் குறை சொன்னவங்களுக்குக் காட்டினதுன்னாரு. டீம் அவரை அந்த ரேஸ்லருந்தே வீட்டுக்கு அனுப்பிடுச்சு. கால் அதே கால், ஜெயிச்ச ஜெயிப்பும் அதே ரகம், போன் ஆக்‌ஷன் யாரையும் குத்தல, விரல் குத்திச்சு.

பேட்டர் சகானை எடுத்துக்கோங்க. 2012, 22 வயசு, முதல் டூர், முதல் வாரத்துலயே மூணு ஸ்டேஜ். செராங்ல ஒரு டான்ஸ், பூலோன் சுர் மேர்ல ஓடுற மாதிரி கையை வீசினது, மெட்ஸ்ல பயில்வான் மாதிரி புஜத்தைக் காட்டினது. சின்னப்பய மரியாதை தெரியலனு கொஞ்ச பேர் முணுமுணுத்தாங்க. அதுல முதல் ஸ்டேஜை மட்டும் நான் கொஞ்சம் ஒத்துக்குவேன், டான்ஸுக்காக இல்ல. அன்னைக்கு மேட்டுல ஃபேபியன் கான்செல்லாரா மஞ்சள் ஜெர்சில பிச்சுக்கிட்டுப் போறாரு, சகான் அவர் பின்சக்கரத்துல ஒட்டிக்கிட்டு, காத்தை வாங்கிக்கிட்டு முன்னாடி ஓட்டுற வேலையை (இழுக்கிறதுனு சொல்வாங்க) ஒரு தடவைகூட பண்ணாம, கடைசி மீட்டர்கள்ல தாண்டி வந்து ஜெயிச்சாரு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, அதான் ரேஸ், காத்துக்கு ஒதுங்கி வர்றவனுக்கு சக்தி மிச்சம். ஆனா அடுத்தவன் முதுகுல ஒளிஞ்சு வந்து ஜெயிச்ச அன்னைக்கு அவன் மூக்குக்கு முன்னாடியே ஆடினா வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுற மாதிரிதான். எழுதாத சட்டம் இதுதான்: நீங்க எவ்ளோ இழுத்தீங்களோ அவ்ளோ ஆடுங்க. ஒட்டிக்கிட்டு வந்தீங்கன்னா ஒரு கை தூக்கினா போதும், லைன் தாண்டின உடனே திரும்பிப்போய் அவர் தோளைத் தட்டிடுங்க. மத்த ரெண்டு ஸ்டேஜ்லயும் சகான் பண்ணது சின்னப்பையன் சந்தோஷம், அதைக் குறை சொன்னவங்கதான் ஓவர்.

வானத்தைக் காட்டுறது, பேர் எழுத்தைக் காட்டுறது, இதுல சண்டையே வராது. 2011 ஜீரோல வவுட்டர் வெய்லண்ட் விழுந்து இறந்துட்டாரு, ரெண்டு மாசம் கழிச்சு டூர்ல அவர் நண்பர் டைலர் ஃபரார் ரெடோன்ல ஜெயிச்சப்போ விரலால அவர் பேரோட முதல் எழுத்தைக் காட்டினாரு. வான் டெர் பூல் 2021ல மூர் டி பிரட்டாயங்ல ஜெயிச்சு மஞ்சள் ஜெர்சி வாங்கி வானத்தைக் காட்டினது தாத்தா ரேமண்ட் பூலிடோருக்கு, அந்த மனுஷன் அத்தனை டூர் ஓட்டியும் ஒரு நாள்கூட மஞ்சள் போட்டதில்ல. கார்லோஸ் சஸ்த்ரே 2003ல பாக்கெட்லருந்து மகளோட பேபி சூப்பானை எடுத்து வாயில வெச்சுக்கிட்டே லைனைத் தாண்டினாரு. இப்படி ஏதாவது எடுக்கணும்னா கடைசி கிலோமீட்டருக்கு முன்னாடியே பாக்கெட்லருந்து எடுத்து ரெடியா வெச்சுக்கோங்க, லைன்ல தடவித் தேடிக்கிட்டு இருக்காதீங்க.

விட்டுக் கொடுக்கிறதுல இருக்கிற திமிரு

இதைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. 2000 டூர், மோன் வாந்து மலை, லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் மார்க்கோ பன்டானியும் சேர்ந்து மேல வர்றாங்க, பன்டானி ஜெயிக்கிறாரு. அப்புறம் ஆர்ம்ஸ்ட்ராங் நான்தான் விட்டுக் கொடுத்தேன்னு சொல்லிட்டாரு. பன்டானிக்கு வந்துச்சு பாருங்க கோபம், கொஞ்ச நாள்ல கூர்ஷவெல்ல தனியா போய் ஜெயிச்சுக் காட்டினாரு. (ஆர்ம்ஸ்ட்ராங்கோட பட்டம் எல்லாம் 2012ல ஊக்க மருந்து கேஸ்ல பறிபோனது வேற கதை.) கொடுத்தா வாயை மூடிக்கிட்டு கொடுக்கணும், சொல்லிக் காட்டினா அது பிச்சை.

1986ல ஆல்ப் டூவெஸ் மலைல பெர்னார் ஈனோவும் கிரெக் லெமாண்டும் ஒரே டீம், கையைக் கோத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டே லைன் தாண்டின போட்டோ ரொம்ப ஃபேமஸ். மஞ்சள் ஜெர்சி லெமாண்ட் கிட்ட, ஸ்டேஜ் ஈனோவுக்கு. அன்னைக்கே டிவில உக்காந்து ஈனோ டூர் இன்னும் முடியலன்னாரு, பக்கத்துல லெமாண்ட்! ஆக கை கோத்தா பணிவுன்னும் நம்ப வேண்டாம். 2023 ஜென்ட் வெவெல்ஹெம்ல வான் ஆர்ட் டீம் மேட் லபோர்ட்டுக்கு ஜெயிப்பை விட்டுக் கொடுத்தாரு, ரெண்டு பேரும் ஜோடியா லைன் தாண்டினாங்க. அழகா இருக்குனு பாதி பேர், ரேஸையே நாடகம் ஆக்கிட்டாங்கனு பாதி பேர். எனக்கு அது திமிரா தெரியல, ஆனா பெரிய கிளாசிக்ல, அதாவது பேர்போன ஒருநாள் ரேஸ்ல, பண்ற வேலை இல்ல அது.

ரொம்ப ஜெயிச்சா என்ன பண்றது

கையே தூக்காம இருந்தாலும் சிலருக்குத் திமிர் பிடிச்சவங்கிற பேர் வரும். எடி மெர்க்ஸை நரமாமிசம் தின்றவன்னு பட்டப்பேர் வெச்சாங்க, 1975 டூர்ல பூய் டி டோம் மலை ஏறும்போது கூட்டத்துலருந்து ஒருத்தன் வயித்துலயே குத்திட்டான். இப்போ டாடெய் போகாச்சார், 2024ல ஜீரோல 6 ஸ்டேஜ், டூர்ல 6 ஸ்டேஜ், ஒண்ணாவது மத்தவனுக்கு விடக்கூடாதானு புலம்பல். ஜீரோல ஜூலியோ பெலிட்ஸாரினு ஒரு இளம்பையன் தனியா முன்னாடி போய்க்கிட்டு இருந்தான், கடைசி கிலோமீட்டர்கள்ல போகாச்சார் வந்து தாண்டி ஜெயிச்சுட்டாரு. ஸ்டேஜ் முடிஞ்சதும் அந்தப் பையன் கண்ணாடியைக் கேட்டான், போகாச்சார் கண்ணாடியோட, ஜீரோல முதல்ல இருக்கிறவர் போடுற பிங்க் ஜெர்சியையும் சேர்த்துக் கொடுத்தாரு. ஜெயிப்பை விட்டுக் கொடுக்கல, அதைச் செஞ்சிருந்தா வாந்து கதைதான். ஜெயிச்சதுக்கு அப்புறம் கொடுத்தாரு பாருங்க, அதுதான் சரியான வரிசை.

டீம் மேட் ஜெயிச்சா கையை ஹேண்டில்பார்லயே வெச்சுக்கோங்க

லீட் அவுட் போட்டு, அதாவது நம்ம ஸ்ப்ரின்டரைக் கடைசி வரைக்கும் முன்னாடி இழுத்துட்டு வந்து விட்டு, முடிச்சவரு நடுக்கூட்டத்துல நிமிர்ந்து, முன்னாடி நம்ம ஆள் ஜெயிச்சதைப் பார்த்து கையைத் தூக்குவாரு, பின்னாடி 60ல வர்ற நூறு பேருக்கு அது ஒரு திடீர் ஸ்பீட் பிரேக்கர். இதுக்கு உலக சைக்கிள் சங்கமான யூசிஐ 2025லருந்து மஞ்சள் கார்டு வெச்சிருக்கு. ஒரே ரேஸ்ல ரெண்டு வாங்கினா வெளிய, கூடவே 7 நாள் தடை. 30 நாளுக்குள்ள மூணு வாங்கினா 14 நாள் தடை. அன்புல பண்ணேன்னு சொன்னாலும் கேட்க மாட்டாங்க, கேட்கவும் கூடாது.

கடைசியா பாட்டில்

போடியம் ஏறினா பாதுகாப்புனு நினைக்காதீங்க. 2022 மே 17, ஜீரோ 10வது ஸ்டேஜ், ஜேசி ஊர், எரித்ரியாவோட பினியம் கிர்மாய் ஜெயிச்சாரு, கிராண்ட் டூர்ல (பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின்ல நடக்கிற மூணு வார ரேஸ்கள்) ஸ்டேஜ் ஜெயிச்ச முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். ரெண்டாவது வந்த வான் டெர் பூல் லைன் தாண்டுறதுக்கு முன்னாடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு, தோத்தவன் எப்படி நடந்துக்கணும்ங்கிறதுக்கு அதுக்கு மேல வேற வீடியோ தேட வேண்டாம். அப்புறம் மேடைல கிர்மாய் ப்ரோசெக்கோ (நுரைக்கிற ஒயின்) பாட்டிலைக் குனிஞ்சு திறந்தாரு, கார்க் நேரா கண்ணுல. ஆஸ்பத்திரி, அடுத்த நாள் ஸ்டார்ட் பண்ணல. பாட்டிலைத் தரையில வெச்சுட்டு அது மேல முகத்தைக் கொண்டு போகாதீங்க. கம்பியை அவிழ்க்கும்போதே கட்டைவிரல் கார்க் மேல இருக்கணும், பாட்டில் சாஞ்சு ஆளில்லாத பக்கம் பார்த்து இருக்கணும், குலுக்குறதெல்லாம் கார்க் வெளிய வந்ததுக்கு அப்புறம்.